சுவருக்கு வெளியே ஒரு பிள்ளை

சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் உரிய வார்த்தைகளும் நல்ல நோக்கமும் போதும். இது திருச்சபைச் சட்டம். பல வருடங்களுக்கு முன் ஸ்ரீவைகுண்டத்தில் என் மதினி பெற்ற தலைப்பிள்ளை மூச்சுக்குத் திணறியபோது, அண்ணனுக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. வார்த்தைகளும் அவனுக்குத் தெரியும். ஆனால், "பாவத்தைச் சாமியார்ட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாத கை, இது தொட்டா செல்லாது" என்று பயந்து, சாமியாரைக் கூட்டிவர பஸ் ஏறிவிட்டான். சாமியார் வந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. ஞானஸ்நானம் பெறாததற்கு உள்ளே இடமில்லை என்று, பெயர்கூட வைக்காமல், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வாழைத் தோப்பை ஒட்டிப் புதைத்தார்கள்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் லிம்போ என்ற இடத்தில் இருக்கும் என்று கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் மதினிக்கு விளக்கினார். கடவுள் இரக்கமுள்ளவர் என்று சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னார். அவருக்கு எல்லாம் ஒரே எடை.

இந்த வருடம் மதினிக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. சாவுக்கு அவள் பயப்படவில்லை.

"மோட்சத்துக்குப் போனா அவன் அங்கன இருக்க மாட்டான்லா? அப்ப எனக்கு மோட்சமே வேண்டாம் தம்பி."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னதே நரகத்தில் தள்ளும் சாவான பாவமாகிவிட்டதோ என்று அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் வேறு, சுற்றறிக்கை வேறு, கோப்பின் ஓரத்தில் குமாஸ்தா எழுதும் குறிப்பு வேறு. கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார் என்பது சட்டம். லிம்போ வெறும் ஓரக் குறிப்பு, யாரும் கையெழுத்துப் போடாதது என்றேன்.

"நீ சொன்னா மோட்சத்துல பட்டா மாத்திருவாங்களாக்கும்? படிச்ச சாமியார் யாராவது சொல்லட்டும்."

இறையியல் கற்பிக்கும் ஒரு சாமியாருக்கு எழுதினேன். பதில் இல்லை. முறைப்படி நினைவூட்டல் கடிதமும் அனுப்பினேன். சிகிச்சை நெருங்க நெருங்க எனக்கே பயம் வந்தது. சட்டத்தைப் பார்க்காமல் ஓரக் குறிப்பை நம்பி முடித்துவைத்த கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மதினி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு பதில் வந்தது. லிம்போ விசுவாசக் கோட்பாடு அல்ல, சிலருடைய கருத்து மட்டுமே. பிள்ளையைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து நம்பிக்கையோடு இருக்கலாம் என்று எழுதியிருந்தார். 'உறுதி' என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. இருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

மதினி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பையக் கேட்டாள்: "அப்ப இன்னைக்கு அவனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம்லா?"

பதில் வந்த தேதி நவம்பர் இரண்டு, இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும் கல்லறைத் திருநாள்.