அம்மா காத்திருந்த சிறுநீர்ப்பை

பெருமையடித்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. பாலக்காட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்த புதிதில், மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் இருந்த அம்மாவிடம், "மனுச செல்லை வச்சு மூத்திரப்பை வளக்கோம்மா" என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். மறுநாளே கொழுந்து பறிக்கிற காடு முழுக்கச் செய்தி போய்விட்டது.

உண்மையில் நாங்கள் வளர்த்தது பை இல்லை. விரல் நகம் அளவுள்ள ஒரு சவ்வில் சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களை விதைத்து, அடியில் சத்துநீர் விட்டு, அடுக்கடுக்காக ஏற விடுவோம். மேலடுக்கு நன்றாக முதிர வேண்டுமென்றால் அதன் தலையில் வடிகட்டிய மனிதச் சிறுநீரையே ஊற்ற வேண்டும். பதினைந்து இருபது நாள் காவல். கொஞ்சம் பூஞ்சை தொற்றினாலும் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். கிருமி அந்தச் சுவருக்குள் எப்படிப் புகுகிறது, மருந்து அதை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடும். இதையெல்லாம் அம்மாவுக்கு நான் விளக்கவே இல்லை.

அம்மா காலையில் ஒரு வாய் பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனால், மதியம் கொழுந்து எடை போடும்வரை தண்ணீரைத் தொடமாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது, காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டை வேறு. அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். எரிச்சலும் கடுப்பும் பழகிப்போனதால், சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்தபோதும் உடம்புச் சூடு என்று நினைத்து மோரைக் குடித்துச் சமாளித்திருக்கிறாள். தினமும் செல்லுக்குச் சிறுநீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சிறுநீர்ப்பையில் புற்று என்றார் டாக்டர். பையை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பை ஒட்ட வேண்டும்; தள்ளிப்போடக் கூடாது என்றார். அம்மா மசியவில்லை.

"வெளிய பைய மாட்டிக்கிட்டு யாரு முகத்துல முழிக்க? கொஞ்சம் பொறுங்க, பாப்போம்."

கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். கூச்சம், பயம் என்றுதான் நினைத்தேன். நான் வளர்ப்பதைத் தனக்கு வைத்துத் தைப்பார்கள் என்று அவள் காத்திருந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஆனால் போன் வரும்.

"ஏட்டி, எவ்வளவு வளந்திருக்கு?"

"நாலு அடுக்கு வந்திருச்சும்மா."

"கெட்டிக்காரி. பதறாம நல்லா வளத்து முடி."

வலியை மறக்க என் வேலையை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். அதில் எனக்குச் சந்தோஷம் வேறு, பாவி.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரல்வரை பரவியிருந்தது. இனி அறுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"உன்னோடது எப்பம்மா தயாராகும்? அதை வச்சிட்டா சரியாப் போயிரும்னு உங்கம்மா சொல்லுதா. அதுக்குத்தான அவ இம்புட்டு நாளாப் பல்லைக் கடிச்சிட்டு இருந்தா."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், முடியவில்லை. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அம்மா, அது நகம் அளவுதாம்மா. யாருக்கும் வைக்க முடியாது. சோதிச்சுப் பாக்க மட்டுந்தான்."

அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அறுக்கச் சொல்லியிருப்பேனேட்டி."