செவ்வாய், வியாழன், சனி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் அதில் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. மேசை நாற்காலி விற்கும் கடைகளுக்கு ஆப் செய்து கொடுக்கிற நிறுவனம். ஆயிரத்துச் சொச்சம் நாற்காலிகள் இருக்கிற பட்டியலில் ‘கறுப்பு, கைப்பிடி உண்டு, இந்த வாரமே வீட்டுக்கு வரும்’ என்று மூன்றைத் தொட்டால் பதினொரு நாற்காலி மட்டும் திரையில் நிற்கிறதே, அது அவள் கைவேலை. பதினாறு வருடமாகக் கும்பலிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

யாராவது புதிதாக ஒரு ஃபில்டர் எழுதிக் காட்டினால் அவள் திரையைப் பார்க்க மாட்டாள். “கேள்வியை வாயால சொல்லு” என்பாள். ஃபில்டர் வாசலில் நிற்கிற ஆள் என்றால், பிரெடிகேட் அந்த ஆளின் கையில் இருக்கிற ஒரே கேள்வி. வருகிற ஒவ்வொன்றிடமும் அதையே கேட்பான். ஆமாம் என்றால் உள்ளே, இல்லை என்றால் வெளியே. முகத்தைப் பார்த்து இரக்கப்படுகிற வேலையெல்லாம் அவனிடம் கிடையாது.

“நல்ல நாற்காலியான்னு கேக்காத. அது நாற்காலிக்கே தெரியாது. கைப்பிடி இருக்கான்னு கேளு.”

“கல்யாணத்துக்கும் இப்படித்தான் கேள்வி கேட்டீங்களாக்கா?” என்றான் பக்கத்து மேசைக்காரன் ஒருநாள்.

“கேட்டிருந்தா நான் ஏன் இங்க உன்னோட உக்காந்திருக்கேன்?”

வீட்டில் அவள் பெரியவள். நாற்பத்து மூன்று வயதிலும் அம்மா அப்படித்தான் கூப்பிடுகிறாள். கீழே ஒரு தம்பி, அவனுக்கும் கீழே சின்னவள். மூன்று பேரும் கல்யாணமாகி ஒரே ஊரில், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அரைமணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தில் இருந்தார்கள். அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டபோது டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. யாராவது ஒருவர் கூட்டிப் போய், கூடவே உட்கார்ந்திருந்து, தலைசுற்றல் நின்றதும் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும்.

யார் போவது என்பதில் முதல் மாதமே மனஸ்தாபம் வந்தது. “போன தடவையும் நான்தானே” என்ற பேச்சு போனில் மூன்று பக்கமும் போய் வந்தது. அதைக் கேட்கச் சகிக்காமல் பெரியவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டுக்கென்று ஒரு சின்ன ஆப் எழுதினாள். மூன்று பேரும் தங்கள் வேலைகளை அவரவர் போனில் குறித்துவிட வேண்டும். ஆப் ஒவ்வொரு தேதிக்கும் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, ‘அன்றைக்குக் காலையில் உன் காலண்டர் காலியா?’ என்று கேட்கும். ஆமாம் என்றவர்களில் கடைசியாக முறை பார்த்து அதிக நாளானவர் பெயரைக் காட்டும். மற்றவர் என்ன குறித்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அது அவளே வைத்த ஏற்பாடு. கூடப்பிறந்தவர்கள் என்றாலும் ஒருவர் விஷயத்தில் ஒருவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு வாரத்திலிருந்து அவள் பெயர் மட்டுமே வந்தது. தம்பிக்கு வேலை மாறியிருந்தது. சின்னவளுக்கு இரண்டாவது குழந்தை. ‘பாவம், மூச்சுவிட நேரமில்லை போலிருக்கு’ என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் அலுவலகம் போய் இரவு எட்டு வரை இருந்து ஈடுகட்டினாள். ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று.

அப்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது. மேலாளர் அவளை உள்ளே அழைத்து, தலைமை அலுவலகத்தில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தால் டீம் முழுவதையும் அவள் பொறுப்பில் கொடுப்பதாகச் சொன்னார். வேறு ஊர், போய்த் தங்க வேண்டும். முன்னே இரண்டு தடவை இதே வாய்ப்பு அவளைத் தாண்டி வேறு ஆளுக்குப் போயிருந்தது. “இந்த வாட்டி நீங்க முடியாதுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அன்று மத்தியானமே தன் போனில் ஆறு வாரத்தையும் ‘வெளியூர்’ என்று குறித்தாள். மொத்தம் பதினெட்டு முறை. தம்பிக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஒன்பது என்று வரும், கொஞ்சம் முனகுவார்கள் என்று எதிர்பார்த்துப் பட்டியலைத் திறந்தாள்.

பதினெட்டிலும் அவள் பெயர்.

ஆப்பில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். எழுதியதைப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஃபில்டர் முடிந்து யாருமே மிஞ்சாவிட்டால் வரிசையில் முதல் ஆளை எடுத்துக்கொள் என்று அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். அம்மா போனிலும் ஆப்பைப் போட்டு, யார் பெயரிலும் குறிக்கிற மாதிரி வைத்திருந்தாள்; அதில் திரை வெறுமையாக நின்றால் அம்மா பயந்துவிடுவாளே என்று செய்த காரியம். சோதித்துப் பார்க்கும் அவசரத்தில் முதல் பெயராகத் தன் பெயரையே அடித்து, அப்படியே விட்டுவிட்டாள். இதையே வேறு யாராவது அலுவலகத்தில் செய்திருந்தால் ஒரு வாரம் வைத்து ஓட்டியிருப்பாள்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. யாருமே மிஞ்சவில்லை என்றால், பதினெட்டு நாளும் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறதா?

செய்யக் கூடாது என்று தானே விதித்துக்கொண்டதை அன்று செய்தாள். தம்பியின் பதிவுகளைத் திறந்தாள். மூன்றே மூன்று பதிவுகள். செவ்வாய் ‘மீட்டிங்’, வியாழன் ‘மீட்டிங்’, சனி ‘மீட்டிங்’. நேரம் ஏழிலிருந்து பதினொன்று. வாராவாரம் திரும்ப வரும். முடிவு தேதி: இல்லை. சின்னவளுடையதும் அப்படியே, ‘மீட்டிங்’குக்குப் பதில் ‘பிள்ளைங்க’.

கேள்விக்கு முன்னால் ஒரு ‘அல்ல’ சேர்த்தாள். செவ்வாய், வியாழன், சனி அல்லாத நாட்களில் இவர்களுக்கு என்ன வேலை? விடை பூஜ்யம். மூச்சுவிட நேரமில்லாத இரண்டு பேர், ஒன்றரை வருடத்தில் ஒரு திங்கள்கிழமை பல் டாக்டரிடம்கூடப் போகவில்லை.

ஆறு பதிவும் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பன்னிரண்டு நிமிடத்துக்குள் குறிக்கப்பட்டவை. அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. எல்லோரும் அம்மா வீட்டில் சாப்பிட்டார்கள். அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று அவள்தான் வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை தேடி அலைந்தாள். கோளாறு வந்தால் கண்டுபிடிக்க வசதியாக, எந்தப் பதிவு எந்தப் போனிலிருந்து வந்தது என்பதையும் ஆப் சேர்த்துவைக்கும். தம்பி தன் போனில் குறித்திருந்தான். சின்னவளின் மூன்று பதிவும் வந்தது அம்மாவின் போனிலிருந்து.

கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவள்தான் போனாள். டயாலிசிஸ் டெக்னீஷியன் அம்மாவின் கையில் இரண்டு ஊசியையும் ஏற்றி, குழாயை ஒட்டிவிட்டு, “அம்மாவுக்கு நீங்க ஒரே பொண்ணா மேடம்?” என்று கேட்டான். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருப்பான் போலிருக்கிறது.

“இல்லப்பா. மூணு பேர்” என்றாள் அம்மா முந்திக்கொண்டு.

அவன் நகர்ந்ததும் பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அம்மா, ஒரு ஞாயித்துக்கிழமை மாத்திரை வாங்க நான் போனேனே, அன்னிக்கு சின்னவ உன் போன வாங்கினாளா?”

“அவளுக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொன்னா. குடுத்தேன்.”

“அதுல அவ என்ன பண்ணினான்னு தெரியுமா?”

அம்மா மெஷினில் சுற்றுகிற உருளையைப் பார்த்தாள். இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் எழுந்து போக முடியாது, அவளுக்கும் சரி, இவளுக்கும் சரி.

“தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுமா?”

“தம்பிக்கு ரத்தத்தப் பாத்தா தலை சுத்துதுடி. கொண்டுவந்து விட்டுட்டு வெளிய போயிடுவான். சின்னவ எப்படா முடியும்னு கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நீ வந்தா எனக்கு நிம்மதியா இருக்கு.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. நீயே வாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?”

“சொன்னா யோசிப்ப. ஆபீஸ்னு சொல்லுவ. பட்டியல்ல வந்தா பேசாம வந்துடுவ.”

பெரியவளுக்குக் கோபம் வர வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அம்மா சொன்னது உண்மை. அவளை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் வேறு யாருமில்லை. அந்தத் தெரிதலையே எடுத்து அவள் மேல் திருப்பியிருந்தார்கள்.

“அடுத்த மாசம் ஆறு வாரம் வெளியூர் போறேன்.”

“போயே ஆகணுமா?”

“போனாத்தான் டீம் என் கைக்கு வரும்.”

“பதினாறு வருஷம் டீம் இல்லாமத்தானே இருந்த.”

பதினொரு மணிக்கு டெக்னீஷியன் வந்து ஊசிகளை எடுத்தான். வண்டியில் ஏறும்போது வழக்கம்போல அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், இவளும் கொடுத்தாள்.

மத்தியானம் மேலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டு, ஆப்பைத் திறந்தாள். கேள்வியை இறுக்கலாம் என்று தோன்றியது. எந்த வேலை, யாரோடு, முடிவு தேதி என்ன என்றெல்லாம் கேட்கலாம். இரண்டு நிபந்தனை எழுதியும் விட்டாள். காலண்டர் காலியா என்று கேட்டால் காலண்டர் பதில் சொல்லும். அம்மாவைக் கூட்டிப் போக மனசு இருக்கிறதா என்பதை எந்தக் காலண்டரிடம் கேட்பது? எழுதியதை அழித்தாள். யாரும் மிஞ்சாவிட்டால் முதல் ஆளை எடுக்கச் சொன்ன அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டு, வந்த பட்டியலைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். பதினெட்டுத் தேதிகள், பக்கத்தில் எதுவுமில்லை.

தம்பி ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். “அக்கா, ஆப் ரிப்பேர் போல. யார் பேரும் வரல.”

“ரிப்பேர் இல்லடா. இப்பத்தான் சரியா இருக்கு.”

“அப்ப யார் போறது?”

“உன் மீட்டிங் எப்ப முடியும்னு சொல்லு, அதுல போடறேன்.”

“நான் உங்கிட்ட ஒண்ணும் பொய் சொல்லலையேக்கா” என்றான்.

“ஆமாடா. எங்கிட்ட சொல்லல.”

சின்னவள் கூப்பிடவேயில்லை. இரண்டு நாள் கழித்து ‘பிள்ளைங்க’ என்ற பதிவில் சனிக்கிழமைகள் மட்டும் காணாமல் போயின. தம்பி செவ்வாய்களைக் காலிசெய்தான். வியாழக்கிழமைகள் அப்படியே கிடந்தன. ஊருக்குக் கிளம்புகிற அன்று வரைக்கும் பெரியவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, “பத்திரமா போ” என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமல்.

புது ஊரில் முதல் செவ்வாய். பதினொன்றரை மணிக்கு, கூட்ட அறைக்குள் நுழையப் போகும்போது அம்மாவின் போன் வந்தது. என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தாள்.

“ஒண்ணுமில்ல, வீட்டுக்கு வந்துட்டேன்” என்றாள் அம்மா. குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. “தம்பி வெளிய போகலடி இன்னிக்கு. நாலு மணி நேரமும் எம் பக்கத்துலயே உக்காந்திருந்தான். ஒரு காபி கூடக் குடிக்கல, பாவம். இடுப்பெல்லாம் வலிக்குதுன்னான்.”

தொண்ணூறு செவ்வாய்க்குக் கிட்டத்தட்ட அவள் உட்கார்ந்த நாற்காலி அது. பிளாஸ்டிக், கைப்பிடி கிடையாது.

“அப்படியாம்மா” என்றாள் பெரியவள். “வியாழக்கிழமைக்கு யாரு?”

“அது நீதான் ஏதாவது பாத்துச் சொல்லணும்.”

உள்ளே இருந்து யாரோ கதவைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அத நீங்க மூணு பேரும் பேசிக்கோங்கம்மா” என்று சொல்லி, போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.