ஒப்பு போட்டுவிட்டு பஸ் பிடித்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. காலையில் சூப்பர்வைசர் பேர் வாசிப்பார், நாம் குரல் கொடுத்தால் புத்தகத்தில் குறித்துக்கொள்வார், அன்றைய நாள் கூலி நமக்கு விழுந்துவிடும். கேரளத்துப் பொன்முடிச் சரிவில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய எங்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். கிராமசபைக்குப் போனாலும் அதே புத்திதான். போனோம், ஒப்பு போட்டோம், வந்தோம். கையெழுத்துக்கு எங்கள் பக்கம் ஒப்பு என்றுதான் பேச்சு.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பாதை. லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோடு வரைக்கும், ஆட்டோ ஏறி வந்தால் போதும். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் நாலு காலைப் பிடித்து, அந்த வழுக்குப் பாறையில் இறக்குவோம். இறங்கி முடியும்வரை அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

எத்தனை கிராமசபை! ஒவ்வொரு தடவையும் எங்கள் பாதை லிஸ்டில் கடைசியில் கிடக்கும். ஏன் என்று பஞ்சாயத்து மெம்பரைக் கேட்டேன். அந்த மலையாளத்து அம்மாவும் பாவம், சலித்துப்போனவர்.

"சேச்சி, எதை முதல்ல செய்யணும்னு கடைசியில கை தூக்கிச் சொல்லணும் அல்லே? நிங்கட ஆளுக ஒப்பு போட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஓடுவாங்க. கையில்லாம ஞான் எந்து செய்யும்?"

அட கடவுளே, இத்தனை வருஷம் இது எனக்கே உறைக்கவில்லையே. நானும்தானே அந்த பஸ்ஸில் ஏறினேன்.

இந்தத் தடவை வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளச் சொன்னேன். ஒப்பு மட்டும் போதாது, கடைசிவரை உட்காருங்கள், பஸ் போனால் போகட்டும் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். பள்ளிக்கூட ஹாலில் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வரிசையில் நின்று ஒப்பு போட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் கூட்டம் தொடங்கவே மூன்றேகால். அறிக்கை வாசித்தார்கள், வாசித்தார்கள், வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒரு பெஞ்சு காலியானது. அப்புறம் இன்னொன்று.

"எங்கடீ போறீங்க?" என்று ஒருத்தியின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"பேரு விழுந்தாச்சுல்லா அக்கா. இனி நீ ஒருத்தி சொன்னா மதி, போதும்," என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள். அண்ணனின் மனைவியும் எழுந்தாள். அவளை என்ன சொல்ல? வீட்டில் அவர் தனியாகக் கிடக்கிறார்.

கை தூக்கச் சொன்னபோது எங்கள் பாதைக்கு என் கை ஒன்றுதான். ஜங்ஷனில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கூரை போடப் பதினேழு கை. பஸ் போய்விட்டது, மலை ரோட்டு வளைவுகளையெல்லாம் நடந்தே ஏறினேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

மறுநாள் டயாலிசிஸ். தூக்க நாலாவது ஆள் வரவில்லை, நாற்காலியின் பின்கால் ஒன்றை நான் பிடித்தேன். முன்னால் பிடித்தவன் திரும்பி, "நேத்து நாம இத்தனை பேரு ஒப்பு போட்டோமே, பாதை எப்ப வரும்?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வராது! கை தூக்க என்ன விட்டா ஒரு ஆளில்ல. லிஸ்டு போடுறது இனி அடுத்த வருஷம்தான். அப்பவாச்சும் பஸ்ஸ விட்டுட்டு உக்காருங்க!"

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"அடுத்த வருஷமா?" என்றார்.

நாங்கள் அடுத்த பாறையில் காலை வைத்தோம்.