கிண்ணம் அக்கா

அலுவலக உணவுக்கூடத்தின் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், அங்கேயே திரும்பி நின்று அதைப் பார்க்கிறார். கதவு உள்ளே வருகிறது, வெளியே போகிறது, மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் வீச்சு கொஞ்சம் குறைகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் பசியோடு நிற்கிறார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை, பழகிவிட்டது. "அடங்கட்டும், ஒரு நிமிஷம்" என்கிறார், யார் முகத்தையும் பாராமல். கதவு அசைவற்று நின்ற பிறகுதான் கை கழுவப் போகிறார்.

பேருந்திலும் இதே கதைதான். ஓட்டுநர் பிரேக் போட்டதும் மேலே தொங்கும் கைப்பிடி வளையங்கள் ஆடி அடங்குவதைப் பார்த்தபடி இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடுவார். காபியைக் கலக்கினால் நுரை சுற்றுவது நின்ற பிறகுதான் வாயில் வைப்பார். அதற்குள் அது ஆறிப் போயிருக்கும். "கல்யாணமான புதுசுல நான் கத்துனாக்கூட, எப்ப அடங்குவேன்னு பாத்துக்கிட்டே நிப்பா. அதுலயே எனக்குக் கோவம் போயிடும்" என்பார் கணவர்.

ஐம்பதை நெருங்குகிற பொறியாளர். குளிரூட்டிய அறைக்காகக் கணவரின் பழைய ஸ்வெட்டர், மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். அவர் வேலை பார்க்கும் நிறுவனம், முழங்காலில் மோட்டார் வைத்த செயற்கைக் கால்களைச் செய்கிறது. கால் வெளியே போவதற்கு முன், அதை ஓட்டும் கணக்கைச் சோதித்துக் கையெழுத்திடுவது இவர் பொறுப்பு. அலுவலகத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் இவர் 'கிண்ணம் அக்கா'.

பெயருக்குக் காரணம் உண்டு. இவருடைய தம்பி ஒருநாள் கேட்டார்: "நீ நாள் பூரா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்னதான்க்கா பண்ற?"

அக்கா எழுந்துபோய் அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தார். அதன் விளிம்பருகே ஒரு கோலிக்குண்டை விட்டார். அது இங்கும் அங்கும் உருண்டு, கடைசியில் அடியில் போய் நின்றது. "எங்க விட்டாலும் கீழ வந்து நிக்குது பாரு. ஒரு மிஷினைத் தள்ளிவிட்டா அதுவும் இப்படி நிதானத்துக்கு வரணும். வருமான்னு பாக்கறதுக்கு, அதுக்குப் பொருந்தற கிண்ணம் ஒண்ணு இருக்கான்னு தேடறேன்."

"இதுக்கா இத்தனை படிப்பு?"

"கிண்ணம் கண்ணுக்குத் தெரியாதுடா. அதான் கஷ்டம்." இந்தக் கதையை அவரே அலுவலகத்தில் சொல்லப்போய், பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அவர் தேடுவது ஓர் அளவுகோலை. முழங்கால் எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது, இவற்றை, எதற்கு எவ்வளவு முக்கியம் என்று தக்க எடைகள் கொடுத்துச் சேர்த்தால் தடுமாற்றத்துக்கு ஓர் அளவு கிடைக்கும். எந்த நிலையில் தொடங்கினாலும் அந்த அளவு இறங்கிக்கொண்டே போகுமானால் ஆட்டம் அடங்கியே தீரும். அப்படி இறங்கவைக்கும் எடைகள் உண்டா என்பதுதான் கேள்வி. கோடிக்கணக்கான எடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. ஆகவே, இருப்பதில் மிகச் சிறந்ததை நோக்கி நேராகப் போகிற உகப்பாக்கக் கணக்காக அதை மாற்றிக் கணினியிடம் கொடுப்பார். இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு ஆடுகிற நேரியல் அமைப்பாக இருந்தால் பதில் பளிச்சென்று வரும். கிண்ணம் இருந்தால் காட்டும். இல்லையென்றால் இல்லை என்பதற்கான சான்றையே நீட்டும்.

தம்பி கண்ணாடி பொருத்துபவர். உயரமான கட்டடங்களின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி ஏற்றுகிற வேலை. போன வருடம் கயிறு நழுவி, ஆளுயரப் பலகை ஒன்று அவர் தொடைமேல் இறங்கியது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வீடு இரண்டாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. படியில் பின்புறமாக உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கித் தூக்கி மேலே போவார். அக்காவின் நிறுவனம் புதிய காலைப் போட்டுப் பார்க்க ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

புதிய காலுக்கு இரண்டு போக்குகள் இருந்தன. சமதளத்தில் நடக்க ஒன்று, படியேற ஒன்று. பாதத்தின் அடியில் இருக்கும் உணரி, எது தேவை என்று பார்த்து மாற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனியே கிண்ணம் கிடைத்துவிட்டது. குழுவில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்கா மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. படிகளுக்கு நடுவே திரும்புகிற தளத்தில் கால் எதை நம்பும்? படியா தரையா என்று புரியாமல் மாறி மாறித் தாவினால்? இரண்டு போக்குக்கும் பொதுவாக ஒரே கிண்ணம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றது கணினி.

"கிடைக்கலைன்னா கால் ஆடும்னு அர்த்தமாக்கா?" என்று கேட்டார் குழுத் தலைவர். நல்ல மனிதர், நியாயமான கேள்வி.

"இல்ல. ஆடாதுன்னு சொல்ல என் கையில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"அப்போ?"

"எப்படி மாத்துனா ரொம்ப மோசமா ஆடும்னு தேடிப் பாக்கறேன். அப்படி ஒண்ணும் இல்லைன்னா எனக்கும் சந்தோஷம்தான்."

இருந்தது. ஒவ்வொன்றும் தனியே அடங்குகிற இரண்டு போக்குகள், குறிப்பிட்ட தருணங்களில் மாறி மாறி வந்தால் ஒன்று விட்ட இடத்தில் மற்றது உந்திவிட்டது. சோதனைச் சட்டத்தில் காலை மாட்டி, தொடைக்குப் பதில் மணல்மூட்டையை வைத்து, கணினி சொன்ன முறையில் ஓட்டினார்கள். முதலில் லேசான நடுக்கம். யாரோ சிரித்தார்கள். பிறகு முழங்கால் விசிறியடித்தது. இன்னும் பலமாக, இன்னும் பலமாக. சட்டத்தின் ஆணி தெறித்துச் சுவரில் பட்டது. மணல் சரசரவென்று தரையில் கொட்டியது. அக்கா அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காலைப் போட்டுப் பார்க்கத் தம்பியின் முறை அந்த வாரம். சேதியைத் தானே சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார்.

முழுவதையும் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டார்: "தள்ளிப் போட்டாச்சா?"

"ஆமாம்டா."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல. கணக்கு ஒத்து வரணும்."

"எனக்குக் கால் வேணும்க்கா. உன் கணக்கு வேணாம்." குரல் உயரவில்லை, அதுதான் அக்காவைச் சுட்டது. "வேற யாராவது போட்டுக்கப் போறாங்கன்னா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்ப. தம்பிங்கறதால பயப்படற."

"போட்டிருக்க மாட்டேன்" என்றார். பதில் உடனே வந்துவிட்டது. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வேறு யாருடைய காலாகவோ இருந்தால், இரண்டு கிண்ணங்களோடு தானும் எழுந்து கைகுலுக்கியிருப்போமோ? மறுநாள், தான் ஏற்கெனவே அனுப்பிவைத்த பழைய கால்களின் கணக்குகளை எல்லாம் எடுத்து ஒன்றுவிடாமல் மறுபடி சோதித்தார். யாரும் கேட்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்படியும் கடைசிக் கணக்கை மூடிவிட்டு, முதல் கணக்கை மறுபடி திறந்தார்.

தம்பி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தம்பி மனைவிதான் பேசினாள். "உங்க மேல கோவம் இல்ல அண்ணி. உக்காந்து உக்காந்து படியேறறதை யாரும் பாத்துடக் கூடாதுன்னு வெளியவே போறதில்ல. அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' அக்காவின் காதில் வெகுநேரம் கிடந்தது.

வழியைச் சொன்னவர் மோட்டார் பிரிவுக்காரர். "ஒரு தடவை மாறிடுச்சுன்னா, உடனே திரும்ப மாற விடாம கொஞ்சம் புடிச்சு வெச்சா என்ன?" அக்காவின் கண்கள் விரிந்தன. அந்த இடைவெளிக்குள் ஆட்டம் போதிய அளவு அடங்கிவிட்டால், மாறும்போது ஏறுகிற தடுமாற்றத்தைவிட இறங்குவது அதிகமாகிவிடும். ஆனால் நீண்ட நேரம் பிடித்துவைத்தால் கால் படியில் திகைத்து நிற்கும், ஆள் விழுவார். மிகக் குறைந்த காத்திருப்பு எது? மறுபடி தேடல். பொருந்தினால் காத்திருப்பு நீளம், குறுக்கினால் கிண்ணம் இல்லை. மோட்டார் பிரிவுக்காரர் ஆட்டத்தைக் குறைக்கும் முழங்காலின் தணிப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். கடைசியில், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த காத்திருப்பில் கணக்கு பொருந்தியது. சோதனைச் சட்டத்தில் மறுபடி மணல்மூட்டை ஏறியது. இந்தமுறை கால் நடுங்கியது, தயங்கியது, நின்றுவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். மாலையில் கையெழுத்திட்டார்.

பயிற்சிக்கூடத்தின் நடுவில் மரத்தால் செய்த படிக்கட்டு. ஒரு பக்கம் ஏறி, தளத்தில் திரும்பி, மறுபக்கம் இறங்கலாம். தம்பிக்கு இடுப்பில் பட்டை கட்டியிருந்தது; பட்டையைப் பிடித்தபடி பயிற்சியாளர். மனைவி சுவரோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். குழுத் தலைவர் வந்திருந்தார். அக்கா படிக்கட்டின் மேல்தளத்துக்கு அருகே, கை எட்டுகிற தூரத்தில்.

வந்ததிலிருந்து தம்பி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமதளத்தில் நடந்தார். படியில் கால் வைத்தார். முழங்கால் மெல்ல முனகிக்கொண்டு மடங்கியது, நிமிர்ந்தது. "கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுத்தான் போகுது" என்றார், பொதுவாக எல்லோருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

மேல் படியும் தளமும் சந்திக்கிற இடத்துக்கு வந்தபோது நின்றார். பாதி பாதம் படியில், பாதி தளத்தில். முழங்கால் ஒருமுறை நடுங்கியது. மனைவி முன்னால் ஓடி வந்தாள். குழுத் தலைவரின் கைகள் தாமாகவே நீண்டன. அக்காவின் கைகளும்தான், தம்பியின் தோளைத் தொட்டுவிடும் அளவுக்கு.

தம்பி நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

அக்கா நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்தபடி, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.