வேனுக்கும் ஒரு கை எண்ணெய்

குளச்சல் மீன் வியாபாரி ததேயுசுக்குத் தன் வேன், பெற்ற பிள்ளை மாதிரி. அதற்கு இழுவையைக் கூட்டும் பெரிய டர்போவும், எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டரும் மாட்டிய ஒரே மாதத்தில் வண்டி ஏற்றத்தில் ஏற முடியாமல் முக்கி முனகியது. டர்போதான் போச்சென்று கொதித்துப்போய், அதை மாட்டிக்கொடுத்த வடசேரி மெக்கானிக் செய்யதலியிடம் சண்டைக்குப் போனார்.

செய்யதலி, காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றி முகர்ந்தார். "ஓய், ஃபில்டருக்கு எந்த எண்ணெய் போட்டீரு?"

"தேங்காயெண்ணெய்தான். காலம்பற எனக்க தலைக்கு வைக்கும்போ அதுக்கும் ஒரு கை வைப்பேன்."

"அம்புட்டும் சென்சார்ல போய் ஒட்டியிருக்கு வே. அது காத்தைத் தப்பா அளக்குது, அதான் வண்டி இழுக்கல்ல. டர்போவுக்கு ஒண்ணுமில்ல."

சென்சாரைக் கழுவி, ஃபில்டரை மாற்றியதும் வேன் ஏற்றத்தில் சீறியது. ததேயுசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வேனைப் பார்த்தார். பிறகு, மனசே இல்லாமல், அத்தனையையும் தன் வழுக்கையிலேயே தேய்த்துக்கொண்டார்.