டெனிஸ்டன் போட்ட பத்து வருடத் திட்டம்

டெனிஸ்டன் அருள்நாயகத்துக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லப் பயம். மன்னாரில் அவன் சிறுவனாக இருந்த காலத்தில், அடுத்த ஞாயிறு பூசைக்குப் போவோம் என்றுகூட வீட்டில் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. பதினாலு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தான். வந்தும் அந்தப் பயம் போகவில்லை. பரீட்சை முடிவு வரும்வரை சோறு இறங்காது. பஸ் கொஞ்சம் பிந்தினாலே தெரு முனைவரை நடந்து பார்த்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவனுடைய தலையில்தான், 1994 இலையுதிர்காலத்தில், ஒரு சங்கத்தின் பத்து வருட எதிர்காலம் வந்து விழுந்தது.

அது கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருந்த மாணவர் சங்கம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் அதற்கு மூன்று மாடிச் செங்கல் வீடு ஒன்று இருந்தது. ஆண்கள் மட்டுமே சேரலாம். சத்தியம் செய்து சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரன் என்று அழைப்பார்கள். ஸ்காபரோவில் இருந்த வீட்டிலிருந்து நாளாந்தம் பஸ்ஸும் ரெயிலுமாக அலைந்து களைத்த டெனிஸ்டனை, உடன் படித்த கிரெய்க் அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டான். தான் தங்கியிருப்பது கம்பஸ் விடுதி என்று அவன் வீட்டில் சொல்லிவைத்தான். அது முழுப் பொய்யில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வருடாவருடம் ஆள் குறைந்துகொண்டே வந்தது. வீடு பழைய உறுப்பினர்களின் கையில் இருந்தது. பங்குனிக்குள் பத்து வருடத்துக்கான திட்டத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டை விற்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் அதை எழுத ஒருவரும் முன்வரவில்லை. தலைவனாக இருந்த கிரெய்க், நகரத் திட்டமிடல் படிக்கிறவன் டெனிஸ்டன்தானே என்றான். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். டெனிஸ்டன் மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டான்.

முதலில் கூரை, கணப்பு, குளியலறை என்று எழுதத் தொடங்கினான். பிறகு முதலாம் வருட மாணவர்களிடம் போய், ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நேராகவே கேட்டான். ஆளுக்காள் வேறு வேறு மாதிரிச் சொன்னாலும் கதை ஒன்றுதான். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவனைச் சேர்க்கைச் சடங்கு என்று குடிக்கவைத்து, கண்ணைக் கட்டி, நிலவறைப் படியில் இறக்கியிருந்தார்கள். அவன் விழுந்து தோள் எலும்பு முறிந்து, பிறகு படிப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டான். வெளியே பனியில் சறுக்கிவிட்டான் என்று சங்கம் சொல்லியிருந்தது. அதை யாரும் நம்பவில்லை.

அந்தச் சேர்க்கைச் சடங்கை நிறுத்தாமல் கூரையைத் திருத்தி என்ன பயன்? இதைத் திட்டத்தில் எழுதி டெனிஸ்டன் கிரெய்க்கிடம் காட்டினான். கிரெய்க் கோபப்படவில்லை. அந்த ஒரு பந்தியை மட்டும் எடுத்துவிடு, எழுதினால் வீடு போய்விடும் என்று மெல்லச் சொன்னான். எழுதாவிட்டால் ஆள் வராது என்பது டெனிஸ்டனுக்குத் தெரியும். மாசி முழுக்க அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது தாய் பேர்ணடெற் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சங்கம், சகோதரர்கள், சத்தியம் என்று எல்லாவற்றையும் சொன்னான். ஒஷாவாத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்திருந்த தகப்பனின் முகம் கறுத்தது.

“சத்தியம் பண்ணிச் சேருற கூட்டமோ? ஊரிலை இயக்கங்களைக் கண்டது காணாதெண்டு இஞ்சையுமோ?” என்றார் அருள்நாயகம். “விட்டிட்டு வர விடுவாங்களோ, இல்லையோ?”

“விடுவாங்கள், அப்பா. கதவு திறந்துதான் கிடக்கு.”

அவருக்கு அது பாதி ஆறுதல். தாய் கேட்டது வேறு.

“அந்த விழுந்த பொடியன்ரை தாய்க்கு ஆர் போய்ச் சொன்னது?”

ஒருவரும் போகவில்லை. அவனும் போகவில்லை. 

பங்குனியில் பழைய உறுப்பினர்கள் வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். டெனிஸ்டன் எழுந்து திட்டத்தை வாசித்தான். இனிச் சேர்க்கைச் சடங்கு இல்லை. ஆளில்லாத அறைகளில் சங்கத்தில் சேராத மாணவர்களையும் தங்கவிடுவது. ஒவ்வொரு பொறுப்புக்கும் மூத்தவன் ஒருவன், இளையவன் ஒருவன். மூத்தவன் படித்து முடித்துப் போனாலும் வேலை தெரிந்தவன் வீட்டில் இருப்பான். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விழுந்தவனின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது.

ஒரு வயதான வழக்கறிஞர், இது வெளியில் தெரிந்தால் என்னவாகும் என்று கேட்டார்.

“வெளியில் எல்லோருக்கும் தெரியும், சேர். இந்த மேசையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது” என்றான் டெனிஸ்டன்.

 மாணவர்கள் கை தூக்கி வாக்களித்தார்கள். ஒரேயொரு கை கூடியதால் திட்டம் தப்பியது. கிரெய்க்கின் கை மேசையிலேயே கிடந்தது. அடுத்த கிழமை அவன் யாரிடமும் சொல்லாமல் அறையைக் காலிசெய்தான். அவனோடு வேறு சிலரும் போனார்கள். பழையவர்கள் பத்து வருடத்துக்கு ஒப்பவில்லை. மூன்று வருடம் பார்ப்போம் என்றார்கள்.

விழுந்தவனின் வீட்டுக்கு டெனிஸ்டனும் அந்த வழக்கறிஞரும் போனார்கள். தாய் வாசலிலேயே நிற்கவைத்து முழுவதையும் கேட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. மகனிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மகனிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

புரட்டாதியில் கம்பஸ் புல்வெளியில் மேசை போட்டு ஆள் சேர்க்க இருந்தார்கள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. நண்பர்களைத் துரத்திவிட்டு வெறும் வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறேனோ என்று டெனிஸ்டன் உள்ளுக்குள் புழுங்கினான். மூன்றாம் நாள் பிக்கரிங்கிலிருந்து துஷாந்த் என்ற மாணவன் தாயோடு வந்து, வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டான். டெனிஸ்டன் அவர்களை முதலில் நிலவறைக்குத்தான் கூட்டிப்போனான். அங்கே துணி தோய்க்கும் மெசினையும் படியில் புதிதாகப் போட்ட கைப்பிடியையும் காட்டினான். அந்தக் கிழமை வேறு சிலரும் சேர்ந்தார்கள். நிறைய இல்லை, ஆனால் சேர்ந்தவர்கள் நின்றார்கள்.

டெனிஸ்டன் படித்து முடித்து ஒரு நகரசபையில் வேலைக்குப் போனான். 1998இல், வீட்டை விற்பதில்லை என்று பழையவர்கள் தீர்மானித்தார்கள். அப்போது தலைவனாக இருந்த துஷாந்த் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னான். சந்தோஷமோ என்று கேட்டான்.

“சந்தோஷம்தான். உனக்குப் பிறகு ஆர்?” என்றான் டெனிஸ்டன்.