ஐஸில் வைத்த புஷ்

அந்தப் புஷ்ஷை ஐஸில் புதைத்து வைத்திருந்தோம். கேரளாவிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரியைப் புளியறையில் மறித்து, மெக்கானிக் அண்ணாச்சி கேட்டு வாங்கிய ஐஸ். உள்ளங்கையில் அடங்காத தடித்த எஃகு வளையம், மத்தி மீன் வாடையோடு தெர்மோகோல் பெட்டிக்குள் கிடந்தது. பொக்லைனின் கையையும் பக்கெட்டையும் இணைக்கும் 'பின்' என்ற எஃகுத் தண்டு இந்த வளையத்துக்குள்தான் சுழலும். வளையம் தேய்ந்தால் அந்தப் பின்னும் தேயும். பக்கெட் விழப்போகும் பல்லைப் போல ஆடும். புதிய வளையத்தைக் குளிரில் சுருக்கி, அது உட்காரும் துளையை நெருப்பில் விரித்து, இரண்டும் பழைய நிலைக்கு வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

தென்காசியில் அந்த சர்வீஸ் கடையில் நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் டிப்ளமோ சான்றிதழை அம்மா, தான் பீடி சுற்றும் இடத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு, இப்போதும் உண்டு. முந்தின வாரம் டீக்கடையில், பின்னுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அண்ணாச்சி சிரித்தார். "ஏட்டி, பொஸ்தகத்த வச்சு அடிச்சா பின்னு கழண்டுருமா?" டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அவர் கெட்டவர் அல்ல. என் சாப்பாட்டுப் பெட்டி வெயிலில் இருந்தால் தன் துண்டை நனைத்து மூடி வைப்பார்.

ஆய்க்குடிப் பக்கம் ஒரு குளத்தில் மண் அள்ளும் வண்டி அது. சாரல் விழுந்துகொண்டே இருந்ததால் துளை சீக்கிரம் ஆறியது. புஷ் பாதி போய் நின்றுவிட்டது. வழக்கமாக அதன் மேல் ஒரு பித்தளைக் கட்டையை வைத்துத்தான் சம்மட்டியால் அடிப்பார். பையைக் கவிழ்த்தார். கட்டை இல்லை.

"சீக்கிரம் அண்ணாச்சி! பிடிச்சிட்டுன்னா அறுத்துத்தான் எடுக்கணும்" என்று ஆபரேட்டர் மேலிருந்து கத்தினார்.

அண்ணாச்சி சம்மட்டியோடு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி இன்ஜினியரு, பித்தள கடையிலயே கெடக்கு. நேரா போட்டுரட்டுமா? ஒம் பொஸ்தகம் என்ன சொல்லுது?"

பதில் எனக்குத் தெரியும். பதமேற்றிய எஃகின் மேல்தோல் நசுங்காது, உடையும். சம்மட்டி நேராகப் பட்டால் சில்லு தெறிக்கும். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பதில். ஒரு மரக்கட்டை வைத்தால்கூடப் போதும். அதுவும் என் காலடியிலேயே கிடந்தது.

"உங்களுக்குத் தெரியாததா, அண்ணாச்சி" என்றேன். சொல்லும்போது இனிப்பாக இருந்தது.

மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. அவர் சம்மட்டியைக் கீழே போடவில்லை. பக்குவமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். "தூசிதான்" என்றார். விரலிடுக்கில் ரத்தம் கொஞ்சமாகத்தான் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கடையில் சர்வீஸ் பொறுப்பு என்னுடையது. கண்ணாடி போடாமல் யாரும் சம்மட்டியைத் தொட முடியாது. அண்ணாச்சி குற்றாலத்தில் சீசன் நாட்களில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று டோக்கன் கிழிக்கிறார். போன சீசனில் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மகளிடம் என்னைக் காட்டினார்.

"இவதாம்ட்டி நான் சொன்ன இன்ஜினியரு. அன்னைக்கி இவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா எங் கண்ணு போயிருக்காது. நாந்தான் கேக்கல. திமிரு."

அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள்.

அன்று அவர் என்னிடம் கேட்டார். நான் நின்ற இடம், அவர் குரல், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. "கேட்டீங்க, அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அது எங்கே நிற்கிறது என்று அவர் இடப்பக்கமெல்லாம் தேடினார். வேன் அவருடைய வலது தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். "வேன் இந்தப் பக்கம், அண்ணாச்சி" என்றேன்.